கணக்கப்பிள்ளை மட்டும் எப்படி மனதில் நின்றார்?

டிக்கோயா கதிர்

வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் தேயிலைத் தோட்டத்து அம்மன் கோயில் திருவிழாவுக்கு இளைஞர் மன்றத்துப் பிள்ளைகளை வைத்து ஒரு நாடகம் போட்டோம். எழுதியதும் நான்தான், பழக்கியதும் நான்தான். நாற்பது நிமிடம். செல்லம்மா என்று ஒரு கொழுந்து பறிக்கும் பெண். புருஷன் குடிகாரன். மகள் நன்றாகப் படிக்கிறாள், ஆனால் அவளைக் கொழும்பில் வீட்டு வேலைக்கு அனுப்பச் சொல்லி ஒரு தரகர் வந்து வந்து போகிறார். லயம் என்கிற வரிசை வீட்டில் அவர்கள் இருக்கிற காம்பராவின், அதாவது அறையின், கூரை ஒழுகுகிறது. செல்லம்மா எல்லாவற்றையும் தாங்கிக்கொள்கிறாள். கடைசியில் சபையைப் பார்த்து ஐந்து நிமிடம் பேசுகிறாள், இருநூறு வருஷமாக நாங்கள் என்று தொடங்கும். அதை எழுதும்போது எனக்கே கண் கலங்கியது, பொய் சொல்லவில்லை.

கை தட்டினார்கள். தலைவர் பொன்னாடை போட்டார். சரி, வெற்றி என்று நினைத்துத் தூங்கிவிட்டேன்.

மறுநாள் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக் களத்துப் பக்கம் போனால் சின்னப் பிள்ளைகள் எல்லாம் காதில் ஒரு குச்சியைச் செருகிக்கொண்டு கணக்கப்பிள்ளை விளையாட்டு விளையாடுகிறார்கள். என் நாடகத்தில் கணக்கப்பிள்ளைக்கு இரண்டே காட்சி. நிறுவைக் கொட்டகையான மடுவத்தில் கொழுந்து நிறுப்பார், ஈரக் கொழுந்து என்று இரண்டு கிலோவைக் கணக்கில் வெட்டுவார், யாராவது முறைத்தால் "நான் என்ன செய்ய, தராசு சொல்லுது" என்பார். அவ்வளவுதான். நடித்த பையன் நான் எழுதாத ஒன்றையும் சேர்த்துக்கொண்டான். ஒவ்வொரு தடவையும் நிறுப்பதற்கு முன்னால் தராசை ஒரு ஊது ஊதுவான், தூசி தட்டுகிற மாதிரி. மூன்றாவது தடவை அவன் வாயைக் குவித்ததுமே கூட்டம் சிரிக்கத் தொடங்கிவிட்டது. இப்போது எங்கள் ஊர்க் கடையில் சீனி நிறுத்தால்கூட "தராசு சொல்லுது" தான்.

செல்லம்மாவின் பெயர் ஒருவருக்கும் ஞாபகம் இல்லை. முன்வரிசையில் உட்கார்ந்து முழுவதும் பார்த்த எங்கள் அப்பாயி கேட்கிறார், "அழுதுகிட்டே இருந்துச்சே ஒரு புள்ள, அது யாரு வூட்டுப் புள்ள?" நடித்தது என் தங்கச்சி. அவருடைய சொந்தப் பேத்தி!

இரண்டு மாதத்தில் ஹட்டனில் ஒரு போட்டிக்கு இதே நாடகத்தைத் திருத்திக் கொண்டுபோகச் சொல்லியிருக்கிறார்கள். கெட்ட ஆளுக்குத்தான் எப்போதும் ஈர்ப்பு அதிகமா? நல்லவளை எழுதினால் சப்பென்றுதான் இருக்குமா? செல்லம்மாவின் கஷ்டம் போதவில்லையோ என்றும் ஒரு யோசனை ஓடுகிறது. மண்சரிவில் புருஷனைச் சாகடித்துவிடலாமா என்று பார்க்கிறேன். கருத்துச் சொல்லுங்கள், திட்டினாலும் பரவாயில்லை.


காமன் பொட்டல்

தம்பி, முதலில் அந்த மனுஷனைச் சாகடிக்காதே. மண்சரிவு வந்தால் உனக்குத்தான் வேலை மிச்சம், அவளுக்கு ஒன்றும் இல்லை. இன்னும் ஐந்து நிமிடம் அழுவாள், உன் அப்பாயி இன்னொரு தடவை யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்பார்.

நம் காமன் கூத்தை எடுத்துக்கொள். மாசியில் அமாவாசை கழிந்து மூன்றாம் பிறைக்குக் கம்பம் ஊன்றினால் பௌர்ணமி வரைக்கும் தப்பு மேளச் சத்தம் ஓயாது. கதை தெரியாத ஆள் ஒரு லயத்திலும் கிடையாது. சிவனுக்கு ஒரு பிள்ளை பிறந்தால்தான் அசுரனை அழிக்க முடியும், சிவனோ தவத்தில் இருக்கிறார், அதனால் இந்திரன் மதனைக் கூப்பிட்டு அனுப்புகிறான். கரும்பு வில்லில் பூ அம்பை வைத்து விடுகிறான். நெற்றிக்கண் திறக்கிறது. சாம்பல். அப்புறம் ரதி மன்றாடி, அவள் கண்ணுக்கு மட்டும் தெரிகிற மாதிரி அவனுக்கு உயிர் வருகிறது. வருஷா வருஷம் இதேதான். மாற்றி எழுத ஒருவராலும் முடியாது. ஆனாலும் பெண்கள் வருஷா வருஷம் அழுகிறார்கள், ஆண்கள் அழவில்லை என்று காட்டிக்கொள்ள பீடி பற்றவைக்கிறார்கள்.

எங்கள் அப்பா மஸ்கெலியாப் பக்கத்தில் கூத்து வாத்தியார். பதினேழு வயதில் எனக்கு ரதி வேஷம். மீசையை எடுத்து, காப்புக் கட்டி, விரதம் இருந்து, சேலை கட்டி, லயம் லயமாக ஆடிக்கொண்டு போவோம். அந்த வருஷம் நான் முதல் நாளே அழுகையோடுதான் இறங்கினேன். மதன் என்ன சொன்னாலும் மூக்கைச் சிந்துவேன். அப்பா தப்பை நிறுத்தச் சொல்லிவிட்டு எல்லோர் முன்னாலும் கேட்டார், "இப்பவே அழுது தீத்துட்டா பௌர்ணமிக்கு என்னத்தடா செய்வ?" அதற்குமேல் ஒன்றும் விளக்கவில்லை. ரொம்ப நாளைக்கு எனக்குக் கோபம்தான் இருந்தது.

அடுத்த வருஷம்தான் பிடிபட்டது. ரதி கெட்ட கனவு காண்கிறாள், இல்லையா? கண்டுவிட்டு அவள் அழுதுகொண்டு உட்காரவில்லை. போகாதே என்கிறாள். காரணம் சொல்கிறாள். கெஞ்சுகிறாள். அவன் மசியவில்லை என்றதும் சண்டைக்கே போகிறாள், உனக்கு நான் பெரிசா இந்திரன் பெரிசா என்கிற மாதிரி. அந்த இடத்தில் நான் மதனுடைய வில்லைப் பிடித்து இழுத்தேன், வாத்தியார் சொல்லித்தராததுதான். கூட்டத்தில் ஒரு கிழவி எழும்பி நின்று மதனைப் பார்த்து "அந்தப் புள்ள சொல்றதக் கேளேண்டா" என்று கத்தியது. ஐம்பது வருஷமாக அந்தக் கூத்தைப் பார்க்கிற கிழவி! அவன் கேட்க மாட்டான் என்று அதற்குத் தெரியாதா?

பொன்னர் சங்கர் கூத்திலும் வீரம் பூராவும் அண்ணன்மாருக்குத்தான். படுகளத்தில் எல்லோர் கண்ணும் யார் மேல் நிற்கிறது? விழுந்து கிடக்கிற ஆட்களுக்கு நடுவில் அண்ணன்களைத் தேடிக்கொண்டு வருகிற தங்காள் மேல்.

உன் செல்லம்மா யாருடைய வில்லைப் பிடித்து இழுத்தாள், சொல்லு. தரகர் வந்தபோது என்ன செய்தாள்? "தாங்கிக்கொள்கிறாள்" என்று நீயே எழுதியிருக்கிறாய். தாங்குகிறது தூணுக்குத்தான் வேலை.


பதுளை வாசகி

மேலே அண்ணன் சொன்னதோடு பெரும்பாலும் ஒத்துப்போகிறேன். எனக்கு நாடகம் அதிகம் தெரியாது, கதை வாசிக்கிறவள், இருபது வருஷமாகப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுக்கிறவள். அந்த இடத்தில் இருந்து பேசுகிறேன்.

நம்மவர்கள் எழுதுகிற கதைகளில் ஒரு வியாதி இருக்கிறது கதிர், கோபித்துக்கொள்ள வேண்டாம். நாம் ஓர் ஆளை எழுத உட்கார்ந்து ஒரு சனத்தையே எழுதிவிடுகிறோம். செல்லம்மா என்று பெயர் வைத்தாலும் அவள் தலையில் மொத்த மலையகத்தையும் கூடையாக மாட்டிவிடுகிறோம். ஒரு லயத்தில் பன்னிரண்டு காம்பரா இருந்தால் பன்னிரண்டுக்கும் ஒரே சம்பளம், ஒரே மழை, ஒரே ஒழுக்கு. கஷ்டத்தை வைத்து ஒருத்தியை மற்றவளிடமிருந்து பிரிக்கவே முடியாது. ஒழுகுகிற இடத்தில் ஒருத்தி சட்டி வைப்பாள், ஒருத்தி கட்டிலை நகர்த்துவாள், ஒருத்தி கூரைத் தகரத்தை இரவோடு இரவாகப் பக்கத்துக் காம்பராவிலிருந்து உருவிவிடுவாள். இந்த மூன்றாவது பொம்பளையைப் பற்றி எழுதினால் நான் உடனே வாசிப்பேன்.

என் வீட்டுக் கதை ஒன்று. 1964இல் இலங்கையும் இந்தியாவும் செய்த ஒப்பந்தப்படி ஐந்து லட்சத்து இருபத்தையாயிரம் பேர் இந்தியாவுக்குப் போக வேண்டும் என்று எழுதினார்கள். எங்கள் அம்மாயியின் தங்கச்சி குடும்பத்துக்கு எழுபதுகளில் முறை வந்தது. ரயிலில் தலைமன்னார், அங்கிருந்து கப்பலில் ராமேஸ்வரம். அக்காவும் தங்கச்சியும் எட்டு வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது, ஒரு செம்புக் குடத்துக்காக. அவர்களுடைய அம்மா விட்டுப்போன குடம், அது என் அம்மாயியிடம் இருந்தது. பதுளை ரயில் நிலையத்தில் எல்லோரும் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைக்கிற நேரத்தில் அம்மாயி ஒரு பேச்சும் பேசாமல் அந்தக் குடத்தை ஜன்னல் வழியாக உள்ளே தள்ளினாராம். தங்கச்சி திருப்பி வெளியே தள்ளினார். இவர் உள்ளே, அவர் வெளியே. ரயில் நகர்ந்தபோது குடம் மேடையில் விழுந்து உருண்டது. அதில் இன்றைக்கும் ஒரு நசுங்கல் இருக்கிறது, தண்ணீர் ஊற்றினால் ஒரு பக்கமாகச் சாயும்.

இதை எங்கள் அம்மா சொல்லும்போது ஒப்பந்தம் என்ற சொல்லே வராது. யார் கையெழுத்துப் போட்டார்கள் என்றும் வராது. நான் பெரியவளாகி அதைப் பற்றிப் புத்தகத்தில் படித்தபோது மனதில் வந்து நின்றது அந்த நசுங்கல்தான்.

பழைய ஆட்கள் இதில் கெட்டிக்காரர்கள். கோப்பிக் காலத்துப் பாட்டு ஒன்று எல்லோருக்கும் தெரிந்திருக்கும், பழம் பறிக்கும்போது ஒன்றே ஒன்று தவறிவிட்டது என்பதற்காகச் தோட்டத்து அதிகாரி சின்ன துரை உதைத்ததைச் சொல்லுகிற பாட்டு. கோப்பி அழிந்து தேயிலை வந்து நூற்று நாற்பது வருஷத்துக்கு மேலே ஆகிவிட்டது, அந்தச் சின்ன துரை இன்னும் சாகவில்லை. கொடுமைக்காரன் என்று ஒரு சொல் பாட்டில் கிடையாது. ஒரு பழம், ஓர் உதை, முடிந்தது.

அப்புறம், கெட்டவனுக்கு ஈர்ப்பு அதிகமா என்ற கேள்வி. உங்கள் கணக்கப்பிள்ளை கெட்டவனாக இருப்பதால் நிற்கவில்லை என்று நினைக்கிறேன். தான் செய்கிறது பிழை என்று அவருக்குத் தெரியும், அதனால்தான் தராசின் தலையில் பழியைப் போடுகிறார். அந்த ஊதல் இருக்கிறதே, அது தன்னைச் சுத்தம் செய்துகொள்கிற வேலை. பையன் எழுத்தாளரைவிடக் கெட்டிக்காரன்! செல்லம்மாவுக்கு இப்படி ஒளித்துவைக்க ஒன்றுமே இல்லை. அவளையும் ஒரு பிழை செய்ய விடுங்கள். சின்னதாக, வயிற்றுக்காக. ஆனால் பிழை.


பேராதனைப் பக்கம்

எல்லோரும் எழுத்தைத் திருத்துகிறீர்கள், நான் மேடையைப் பற்றிக் கேட்கிறேன். கதிர் அண்ணே, மைக் எத்தனை?

ஒன்றுதான், நடுவில் தொங்கியிருக்கும். எல்லாத் தோட்டத்திலும் அதே கதை, வசனம் வந்தால் மைக்கடியில் வந்து நின்று பேசிவிட்டுப் பின்னால் போவார்கள். செல்லம்மா சோகமாக, மெல்லிய குரலில், தரையைப் பார்த்துப் பேசியிருப்பா. பின்னால் கச்சான் கடலை விற்கிற இடம் வரைக்கும் ஒரு சொல்லும் போயிருக்காது. கணக்கப்பிள்ளை கத்தியிருப்பார். பாதிக் காரணம் இதுதான் என்று சத்தியம் பண்ணுவேன்.

இரண்டாவது, கை. கணக்கப்பிள்ளையிடம் தராசு இருக்கிறது, பேனா இருக்கிறது, செக்ரோல் என்கிற பேர்ப் பதிவேடு இருக்கிறது. செல்லம்மா கையில் என்ன? சேலைத் தலைப்பு. அழுகிற பாத்திரம் என்றால் சேலைத் தலைப்பைக் கொடுத்துவிடுகிறோம், அது கண்ணைத் துடைக்க மட்டும்தான் உதவும். கொழுந்து பறிக்கிறவளுடைய கையைப் போய்ப் பாருங்கள், வாய் ஒரு கதை பேசும், கண் கங்காணி வருகிறாரா என்று பார்க்கும், கை அதன்பாட்டுக்குப் பறித்துப் பின்னால் கூடைக்குள் வீசும். அவ்வளவு வேகமான கையைச் சும்மா தொங்கவிட்டால் எப்படி? பறிக்கிற மட்டம் பார்க்கிற மட்டக்கம்பைக் கொடுங்கள். இடுப்பைச் சுற்றுகிற படங்குச் சாக்கைக் கட்டுகிறதையே ஒரு காட்சியாக்கலாம். தரகர் பேசப் பேச அவள் அட்டை கடிக்காமல் இருக்க உப்புத் துணி கட்டிக்கொண்டே இருக்கட்டும், அவர் வாக்குறுதி கொடுக்கிற நேரத்தில் முடிச்சைப் பல்லால் இறுக்கட்டும். நான் பார்க்கப்போகிறது அந்தப் பல்லைத்தான்.

கதை பெரிசாக இருக்க வேண்டும் என்றும் இல்லை. அருச்சுனன் தபசுக் கூத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஓர் ஆள் மரம் ஏறுகிறான். அவ்வளவுதான் கதை! பாசுபதம் வேண்டும், அதற்காகத் தபசு மரத்தில் படிபடியாகப் பாடிக்கொண்டு ஏறுகிறான், கீழே சனம் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்க்கிறது. அவன் நல்லவனா கெட்டவனா என்று அந்த நேரத்தில் ஒருத்தருக்கும் யோசனை வராது, அடுத்த படியில் கால் வைப்பானா என்பதுதான்.

வாசகி மிஸ் சொன்ன பிழை விஷயத்துக்கு எங்களுக்குப் பாடத்தில் வருகிற ஜெர்மன் நாடகாசிரியர் பிரெக்டின் வெண்கட்டி வட்டக் கதை பொருத்தமாக இருக்கும். ஹென்றி ஜயசேன 1967இல் சிங்களத்தில் போட்டது, அவரே அஸ்தக் என்ற அந்தக் குடிகார நீதவானாக நடித்தார், என்னோடு படிக்கிற சிங்களப் பிள்ளைகளின் தாத்தாமார் வரைக்கும் அந்தப் பாத்திரங்களைத் தெரியும். அதில் குரூஷா ஒரு வேலைக்காரப் பெண். கலவரத்தில் ஆளுநரின் மனைவி எந்த உடுப்பை எடுத்துப்போவது என்று பார்த்துப் பார்த்துக் கட்டுகிற அவசரத்தில் பச்சைப் பிள்ளையை விட்டுவிட்டு ஓடிவிடுகிறாள். குரூஷா உடனே தூக்கிவிடவில்லை. தூக்கினால் உயிருக்கு ஆபத்து என்று தெரியும். இரவு முழுக்கப் பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு விடியப்போகிற நேரத்தில் களவெடுக்கிற மாதிரித் தூக்கிக்கொண்டு போகிறாள். அந்த ஓர் இரவுத் தயக்கம் இல்லையென்றால் அவள் வெறும் நல்ல பெண், இரண்டாம் நாள் மறந்திருப்போம். ஆளுநர் மனைவியைக் கெட்டவள் என்று சொல்லவும் ஆள் தேவையில்லை, உடுப்புப் பெட்டி சொல்லிவிடும்.

ஒன்றில் மட்டும் மிஸ்ஸோடு எனக்கு உடன்பாடு இல்லை. சனத்தை எழுதுவது வியாதி என்றால் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. அந்த ஐந்து நிமிட வசனத்தைக் கேட்கத்தான் நாலு தோட்டத்திலிருந்து ஆள் வருகிறார்கள். வெட்டினால் "என்ன, பேசவே இல்லை" என்பார்கள். ஒரு நிமிடமாக்குங்கள், போதும்.


லக்ஸபான மழை

நான் வழக்கமாக இங்கே எழுதுகிறதில்லை, வாசித்துவிட்டுப் போய்விடுவேன். இதில் மட்டும் சொல்ல ஒன்று இருக்கிறது, ஏனென்றால் எங்கள் அப்பா கொழுந்துக் கணக்கப்பிள்ளை.

எல்லா நாடகத்திலும் அவர்களைக் கோமாளியாக்கித்தான் பார்த்திருக்கிறேன். சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் "ரெண்டு கிலோ, ரெண்டு கிலோ" என்றுதான் என்னைக் கூப்பிடுவார்கள். அப்பா வெட்டினார், இல்லை என்று சொல்ல மாட்டேன். மேலே இருந்து வெட்டச் சொன்னார்கள், வெட்டாவிட்டால் ஃபெக்டரியில் நிறுக்கும்போது குறைகிற எடைக்கு இவர்தான் பதில் சொல்ல வேண்டும். ராத்திரி சாப்பிட்டுவிட்டு இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து ஒரு சின்னக் கொப்பியில் ஏதோ எழுதுவார். கடன் கணக்கு என்று நினைத்தோம். அவர் போன பிறகு எடுத்துப் பார்த்தால் பெயர், திகதி, எத்தனை கிலோ வெட்டினார் என்று. இருபத்து மூன்று வருஷத்துக்கு. என்ன செய்யலாம் என்று எழுதினார் என்று எனக்கு இன்றுவரைக்கும் புரியவில்லை. யாரிடமும் காட்டவில்லை. அம்மாதான் சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறார்.

இதை நாடகத்தில் போட வேண்டும் என்று சொல்லவில்லை. பையன் ஊதுகிறானே, அது நல்லா இருக்கு. ஆனால் ஒரு தடவையாவது ஊதிவிட்டு அவன் நிறுக்காமல் நிற்கட்டும்.


டிக்கோயா கதிர்

இரண்டு நாளாக இதையே வாசித்துக்கொண்டிருக்கிறேன். லக்ஸபான அண்ணே (அக்காவா, தெரியவில்லை), அந்தக் கொப்பியை நினைத்து நேற்று தூக்கம் வரவில்லை. போடவில்லை, உங்கள் வீட்டுப் பொருள் அது. நிறுக்காமல் நிற்கிற இடத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

புருஷன் பிழைத்துவிட்டார். தரகரை ஒரு காட்சியோடு நிறுத்திவிட்டேன். புதிதாக எழுதியது இது. மகளுக்கு டியூஷன் காசு கட்ட வேண்டும், நாள்தோறும் இரண்டு கிலோ போகிறது. செல்லம்மா நிறுவைக்குப் போகும் முன்னால் தண்ணீர் விழுகிற பீலியடியில் கூடையை இறக்கி, அடிக் கொழுந்துக்குள் தண்ணீரைத் தெளித்து, மேலே காய்ந்த கொழுந்தைப் பரப்பிக்கொண்டு போகிறாள். தன் இரண்டு கிலோவை அவளே திருப்பி எடுக்கிறாள். அதைச் செய்யும்போது என் தங்கச்சி ஒரு வேலை செய்கிறாள், தெளித்த கையைச் சேலையில் துடைத்துவிட்டு முகர்ந்து பார்க்கிறாள். நான் சொல்லிக் கொடுக்கவில்லை.

மடுவத்தில் கணக்கப்பிள்ளை ஊதுகிறார். கூடையைத் தூக்கும்போதே பாரம் தெரிகிறது. கையை அடிக்குள் விட்டுப் பார்க்கிறார், ஈரம். நிறுக்காமல் நிற்கிறார். இருவரும் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள், பின்னால் வரிசையில் மற்றப் பெண்கள். அப்புறம் நிறுக்கிறார், வெட்டாமல் எழுதுகிறார். ஏன் வெட்டவில்லை என்று மற்றவர்கள் சத்தம் போடும்போது செல்லம்மா திரும்பி, "நான் என்ன செய்ய, தராசு சொல்லுது" என்கிறாள். அங்கே முடிகிறது. வசனம் ஒரு நிமிடமாகி, இடையில் வேறு இடத்துக்குப் போய்விட்டது. எப்படி?


காமன் பொட்டல்

நல்லா வந்திருக்கு. கடைசி வரியை மட்டும் வெட்டு.

கோபப்படாதே, கேள். முதல் காட்சியில் அவர் அதை இரண்டு தடவை சொல்லிவிடுவார், இல்லையா. ஹட்டனிலும் மூன்றாவது ஊதலுக்குள் சனத்துக்கு அது வாயில் ஏறிவிடும். செல்லம்மா திரும்பட்டும், வாயைத் திறக்கட்டும், ஒன்றும் சொல்லாமல் கூடையின் தலைக்கயிற்றை எடுத்து மாட்டிக்கொண்டு போகட்டும். அதைக் கூட்டத்தில் ஒரு பையன் கத்துவான். கத்தாவிட்டால் என்னிடம் வந்து கேள். அன்றைக்கு அந்தக் கிழவி கத்தியபோது எங்கள் அப்பா தப்படிக்கிறதை நிறுத்திவிட்டுச் சிரித்தார், அவர் சிரித்துப் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.


பதுளை வாசகி

முகர்ந்து பார்க்கிறாள் என்றதும் எனக்குச் சிலிர்த்துவிட்டது. பச்சைக் கொழுந்து வாசம் கையை விட்டுப் போகாது, பறிக்கிறவர்களுக்குத் தெரியும். தங்கச்சிக்கு என் வாழ்த்து. அப்பாயி இந்தத் தடவை பெயரைக் கேட்கிறாரா என்று வந்து சொல்லுங்கள்.


டிக்கோயா கதிர்

வெட்டிவிட்டேன் அண்ணே, மனசில்லாமல்தான். கணக்கப்பிள்ளை பையன் இப்போது தனக்கு மூன்றாவது காட்சி வேண்டும் என்று முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறான், அதை வேறு சமாளிக்க வேண்டும்.

ஓர் உதவி. போன தடவை மரப்பலகையில் செய்த தராசை வைத்துச் சமாளித்தோம், இப்போது கூடை உண்மையாகவே தொங்க வேண்டும், பாரம் கையில் தெரிய வேண்டும். எங்கள் தோட்டத்தில் எல்லாம் மின்சாரத் தராசாகிவிட்டது, பழையதைக் கேட்டால் தர மாட்டேன் என்கிறார்கள். வட்ட முகம் வைத்த பழைய தொங்கு தராசு யாரிடமாவது இருக்கிறதா? முள் வேலை செய்யாவிட்டாலும் சரி. கொட்டகலை, தலவாக்கலைப் பக்கம் என்றாலும் ஞாயிற்றுக்கிழமை நானே வந்து எடுத்துக்கொள்கிறேன்.